எந்தை ஓட்டிச் சென்ற நிரை

ஆநிரை கவரப் போய் அம்பு பட்டு விழுந்தவனுக்கு இந்த நிலம் கல் நட்டது. மேற்கு மலையின் கிழக்குச் சரிவு இறங்கி ஆறும் தாழ்நிலத்தில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டு அத்தகைய நடுகல் ஒன்று வெளிப்பட்டது. தமிழ் எழுத்தின் மிகத் தொன்மையான கீறல்கள் அதன் மேல் இருக்கின்றன. கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவன் பெயரை அது இன்றும் சுமந்து நிற்கிறது. கவரப் போனவன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். இருவர்க்கும் கல் உண்டு, பாட்டு உண்டு, படையலும் உண்டு. பிறன் மாட்டைப் பிறன் ஊருக்கு ஓட்டிச் சென்று, ஒன்றும் குறையாமல் ஒப்படைத்து, கூலியை எண்ணி மடியில் முடிந்துகொண்டு வந்த வழியே திரும்பி நடந்தவனுக்குப் பூவும் இல்லை, கல்லும் இல்லை.

எந்தை அவ்வாறு நடந்தவர். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வாணியங்குளம் வரை, உடுமலையிலிருந்து மறையூர் வரை, தமிழும் மலையாளமும் முட்டிக்கொள்ளும் அந்த நெடிய விளிம்பில், அயலார் மாடுகளின் பின்னே தம் ஆயுளை நடந்து தீர்த்தவர். 2021 ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமட்டைகளை உலுக்கிய ஒரு விடியலில் அந்த நடை ஓய்ந்தது.

கையறுநிலை என்பது கழிந்தவனைக் குறித்து ஒழிந்தவர் அரற்றும் துறை. மன்னன் மாய்ந்தால் புலவன் அரற்றினான். வள்ளல் மறைந்தால் பாணன் யாழை முறித்தான். பாரிக்குக் கபிலர் வாய்த்தார், அதியமானுக்கு ஔவை வாய்த்தாள். மாட்டுக்காரனுக்கு யார் வாய்ப்பார்? அவன் பெற்ற மகன், முகூர்த்த நாளில் கழுத்தில் கேமராவோடு மணவறையைச் சுற்றி வரும் போட்டோக்காரன், அவனே வாய்க்க வேண்டும். பாட்டு எனக்கு வராது. வந்த வரைக்கும் உரைநடையில் அரற்றுகிறேன்.

கயத்தாற்றுக் கரிசலில் பிறந்தவர் எந்தை. மழை பொய்த்த ஓர் ஆண்டில் கங்காணி முன்பணத்தோடு வந்தான். பாட்டன் கைநாட்டு வைத்தான். குடும்பம் போடிநாயக்கனூர் வந்து, குரங்கணி தாண்டி, டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் நடந்தது. மூணாற்றுத் தேயிலை பெட்டி பெட்டியாகக் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிய மலை அது. தேயிலைக்கு வடம் போட்டவர்கள் ஆளுக்குப் போடவில்லை. எந்தை தம் அப்பன் தோளில் அமர்ந்து ஏறினார். அது 1952-ஆ, 1953-ஆ என்று அவருக்கே நிச்சயம் இல்லை. வழியெல்லாம் அட்டை கடித்ததும், பாட்டி அட்டையின் மேல் உப்புத் தேய்த்ததும் மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

அவருக்குத் தெரியாத அந்த ஆண்டு அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பட்டியல் சாதி ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அதற்கு முன்னரே உன் முன்னோர் கேரளத்தில் குடியிருந்தனர் என்று காட்டு, சான்றிதழ் தருகிறோம் என்றது அலுவலகம். காட்ட என்ன இருந்தது? நிலப் பட்டா இல்லை; வீடு கம்பெனியுடையது; பிறந்த தேதியைக் கங்காணி வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தான். 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே தமிழர் மிகுதி என்பதை மறுசீரமைப்பு ஆணையம் மறுக்கவில்லை. அந்த மிகுதி தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களால் ஆனது என்று எழுதி, அதைத் தட்டிக் கழித்தது. வந்து போகிறவர்கள்! வந்தவர்கள் வந்தார்கள். போனவர்கள் எங்கே போனார்கள் என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் இருக்கும் இடுகாடுகளைப் போய்க் கேட்கட்டும்.

மலையில் எந்தைக்குக் கவாத்து வேலை. கொழுந்து கிள்ளுவது பெண்களுக்கு, கவாத்து வெட்டுவது ஆண்களுக்கு. தோட்டத்தின் எழுதாச் சட்டம் அது. நான்கைந்து ஆண்டு வளர்ந்து இடுப்பைத் தொடும் செடியை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும். கத்தி ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். வெட்டு சாய்வாக விழ வேண்டும். பட்டை கிழியக் கூடாது. கிழிந்த இடத்தில் நீர் தங்கினால் தண்டு உள்ளே அழுகும். எந்தையின் வெட்டு எப்படி இருக்கும் என்று அவர் கூட்டாளிகள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் வேலையை விட்டுப் பல ஆண்டுக்குப் பின்னும், ‘இந்த நிரை உங்கய்யா வெட்டினதுடா’ என்று தடித்த ஓர் அடித்தூரைத் தொட்டுக் காட்டியவர் உண்டு. தேயிலையிலும் வரிசைக்கு நிரை என்றே பெயர். அந்த நிரையை விட்டுவிட்டு அவர் இந்த நிரையின் பின்னே போனார்.

ஏன் போனார் என்று வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு நாள் காலை மஸ்டரில் பெயர் கூப்பிட்டபோது கவாத்துக் கத்தியை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினார் என்பது மட்டும் லயம் அறிந்த கதை. யாரோ ஒரு மேலாளன் ஏதோ சொன்னான் என்பார்கள் சிலர். சம்சாரியாய்ப் பிறந்தவனுக்கு மாட்டு வாசம் கூப்பிட்டது என்பார்கள் சிலர். லயத்து வீடு வேலை செய்கிறவரைச் சார்ந்தது. அம்மா கொழுந்தெடுத்தாள், ஆகவே வீடு அம்மா பேரில் தங்கிற்று. ‘பெண்டாட்டி பேரில் குடியிருக்கிறவன்’ என்ற சொல் எங்கள் வாசலில் விழுந்தது. மாதத்துக்கு ஒரு முறை வருவார். தோளில் கயிற்றுக் கட்டு, கையில் மறையூர் வெல்ல உருண்டை. உருட்டியவன் விரல் அதன் மேல் பதிந்திருக்கும். நாங்கள் அந்தப் பள்ளங்களில் எங்கள் விரலைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கடிப்போம். 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் சொன்னபோது, ‘அதுக்கு முன்னாடி அதுக்கு ஊரு இல்லையாக்கும்?’ என்றார்.

மாடு ஓட்டுவது என்றால் என்ன என்று இன்று லாரிச் சத்தத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே பிடித்த மாட்டைக் கேரளத்து வியாபாரிக்காக மேற்கே ஓட்டுவார்கள். கோவிந்தாபுரமோ மீனாட்சிபுரமோ கடந்து, கொல்லங்கோட்டு வயல்வழியில் நெல்லியம்பதி மலையை இடக்கையில் வைத்துக்கொண்டு, குழல்மன்னம் சேர்ந்து, அங்கு விலை படியாததை ஒற்றைப்பாலத்துக்கு அப்பால் வாணியங்குளத்து வியாழச் சந்தைக்குக் கொண்டு செல்வார்கள். வெயில் ஏறும் முன் ஒரு நடை, வெயில் தாழ்ந்தபின் ஒரு நடை. தார்ச்சாலை சுட்டால் மாடு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். பிளந்த குளம்பு ஆதலால் காலுக்கு இரண்டாக லாடம் அடிப்பார்கள். மாட்டுக்கு இரும்பு லாடம், எந்தைக்கு டயர் செருப்பு.

அந்தத் தொழிலில் எனக்கு வியப்பானது கயிறு. மாட்டை விற்பவன் தன் கயிற்றைக் கொடுக்க மாட்டான். கயிறோடு கொடுத்தால் பட்டியின் சீர் போய்விடும் என்பது நம்பிக்கை. வாங்குகிறவன் தன் வீட்டில் புதுக்கயிறு வைத்திருப்பான். விற்றவன் கயிற்றுக்கும் வாங்கியவன் கயிற்றுக்கும் நடுவே, அந்தப் பல காத வழிக்கு, மாட்டின் கழுத்தில் கிடப்பது ஓட்டுகிறவனின் கயிறு. அந்த நாட்களில் மாடு யாருடையது? விற்றவனுடையது அன்று, வாங்கியவனுடையது இன்னும் ஆகவில்லை. எந்தை ஒவ்வொன்றுக்கும் வழிக்கென்று ஒரு பெயர் வைப்பார். வாணியங்குளத்தில் கயிற்றை உருவும்போது அந்தப் பெயரையும் உருவிக்கொள்வார். பிறகு அந்தப் பெயரில் அந்த மாட்டை ஒருவரும் அழைக்கப் போவதில்லை.

மறையூர் வழி வேறு மாதிரி. உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட், பிறகு சின்னாறு, பிறகு காடு. யானை மறித்தால் நின்றுவிட வேண்டும். மறையூரில் பாறை மேட்டின் மேல் முனியறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் போர்த்திய பழங்காலத்து ஈமச் சின்னங்கள். மழை பிடித்தால் எந்தை அவற்றுள் ஒன்றில் படுத்துக்கொள்வாராம். இறந்தவர்க்கு எடுத்த வீட்டில் உயிரோடு உறங்கியவர்! ‘பயமா இல்லையா அய்யா?’ என்றேன். ‘வாடகை கேக்காத வீடு அது ஒண்ணுதானலே’ என்றார்.

நான் கேமராவைத் தூக்கி அவர் பின்னே அலைந்தது அவர் தளர்ந்த பிறகு. அம்மா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்தாயிற்று. அடுத்து அம்மாவும் போனாள். பொள்ளாச்சியில் என் வீட்டு மாடியில் அவருக்கென்று ஓர் அறை கட்டினேன். இரண்டு நாள் படுத்தார், மூன்றாம் நாள் விடியலில் பஸ் ஏறிவிட்டார். கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் பழைய சந்தைக் கூட்டாளி ஒருவரின் தோப்பில், நாலு பசுவுக்குக் காவலாக, பனைகளின் நடுவே ஒரு சாளையில் போய்த் தங்கினார். கரிசலில் பிறந்து, தேயிலையில் வளர்ந்து, பனங்காட்டில் முதுமை. ஊர்ப் பக்கத்து உறவு அவரை ‘மலையாளத்தான்’ என்றது. பாலக்காட்டில் அவர் ‘பாண்டி’. இரண்டு பெயருக்கும் அவர் ஒரே மாதிரி ‘ம்’ கொட்டுவார்.

அவரைப் படமெடுப்பது எளிதாயில்லை. நாற்காலியில் உட்கார மாட்டார். காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஏழைக்கு வாய்த்த ஒரே போட்டோ சாவுப் போட்டோதான். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, வாயைக் கட்டி, மாலையிட்டு, பிள்ளைகள் இருபுறமும் நிற்க எடுப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பாட்டன் பாட்டிகளில் பாதிப் பேர் அப்படி எடுக்கப்பட்டவர்கள். என் பாட்டனும் அவ்வாறே. ஆகவே நாற்காலியைக் கண்டால் எந்தை எழுந்துவிடுவார். நான் எடுத்தவை எல்லாவற்றிலும் அவர் நிற்கிறார், நடக்கிறார், குந்தியிருக்கிறார், அல்லது சட்டத்தை விட்டுப் பாதி வெளியேறிவிட்டார்.

அமெரிக்காவில் லாரி சுல்தான் என்றொருவர் தம் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து 1992-இல் புத்தகமாக்கினார். சவர பிளேடு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்ந்த தந்தை, கோட்டு அணிந்து கட்டில் விளிம்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் படம் அதில் உண்டு. தந்தை அதை ஏற்கவில்லை. அங்கே இருப்பது நானல்ல, நீ என்று மகனிடம் மறுத்தார். ஜப்பானின் ஃபுகாசே மசாஹிசா, ஹொக்கைடோவில் தந்தை நடத்திய ஸ்டுடியோவிலேயே குடும்பத்தை வரிசையாக நிறுத்தி 1971 முதல் எடுத்தார். ஆண்டு ஏற ஏறத் தந்தை ஒடுங்குகிறார், பிறகு அவர் இடத்தில் அவர் படம் வருகிறது. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்ல வாய் வருகிறது. அந்தத் தந்தையர் அமர்ந்தார்கள், நின்றார்கள், மறுக்கவாவது செய்தார்கள். எந்தை நான் காட்டிய படங்களைக் கண் அருகே வைத்துப் பார்த்து, ‘இந்த மாடு யாரோடது?’ என்று மட்டும் கேட்பார்.

ஒரு முறை வாணியங்குளத்துக்கு அழைத்துப் போனேன். பழைய தரகர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். விலை பேசும் முறை அறியாதவர்க்குச் சொல்கிறேன்: வாய் பேசாது. ஒருவர் வலக்கையை நீட்ட, மற்றவர் அதைப் பற்ற, இரண்டு கைகளின் மேலும் துண்டு விழும். எந்த விரல், எந்தக் கணு, எவ்வளவு அழுத்தம் என்பதே கணக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவர்க்கு மட்டுமே தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, காட்டியவன் தோற்றான். அன்று எந்தைக்கு நடை தள்ளாடியது, கை தள்ளாடவில்லை. துண்டின் அடியில் அவர் விரல்கள் ஓடுவது துணியின் மேல் சிற்றலையாகத் தெரிந்தது. எதிராளி ஒரு முறை உதட்டைக் கடித்தான். நான் விடாமல் எடுத்தேன். நீலக் கட்டம் போட்ட துண்டு விழுந்திருக்கிறது, இரண்டு முழங்கைகள் விழுந்திருக்கின்றன, பின்னால் ஒரு கிடேரியின் காது விழுந்திருக்கிறது. விலை விழவில்லை. அவரது அறிவு முழுதும் குடியிருந்த இடம் அந்தத் துண்டின் அடி. அங்கே வெளிச்சம் போக வழியில்லை.

மூணாற்றையோ, சொல்ல வேண்டாம், உலகம் படமெடுத்துத் தீர்த்துவிட்டது. பச்சைச் சரிவு, பனி, கூடையோடு ஒரு பெண். ஆண்பிள்ளை எந்தப் படத்திலாவது இருக்கிறானா என்று தேடிப் பாருங்கள். 2018-இல் குறிஞ்சி பூத்தது. பெருமழை அந்தப் பூவைக்கூட விட்டுவைக்கவில்லை, ஆனாலும் எஞ்சியதைப் பார்க்க ஆட்கள் ஏறி வந்தார்கள். எந்தையையும் கூட்டிப் போயிருந்தேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூப்பதை அவர் பல முறை கண்டவர். பூவைப் பார்க்காமல் அதன் அடியில் மாடு மேயத் தக்க புல் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட லென்ஸ் வைத்த ஓர் இளைஞன் மரியாதையாகத்தான் சொன்னான்: ‘பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?’ எந்தை தள்ளிக்கொண்டார். அவர் தள்ளி நின்ற இடமும் இன்னொருவன் சட்டத்துக்குள் வந்தது. அங்கிருந்தும் தள்ளிக்கொண்டார்.

எல்லையில் வாழ்ந்தவனைக் காகிதம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு 2017 மே மாதத்து விதி ஒன்று போதும். கால்நடைச் சந்தைகளை நெறிப்படுத்த மத்திய அரசு கொண்டு வந்தது. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் மாட்டுச் சந்தையே கூடாது என்றது அதில் ஒரு வரி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதம் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடெங்கும் நீட்டியது. நான் செய்தியைப் படித்துக் காட்டினேன். எந்தை மண்ணில் குச்சியால் கோடு கிழித்தார்: இது எல்லை, இது கொழிஞ்சாம்பாறை, இது சித்தூர், இது மறையூர், இது போடி. அவர் பிறந்த ஊரைத் தவிர, அவர் உண்டதும் உறங்கியதும் பிள்ளை பெற்றதும் அநேகமாக அந்த இருபத்தைந்துக்குள்தான். ‘அப்போ நம்ம இருக்கவே கூடாதாம்’ என்று சொல்லிக் கோட்டைக் காலால் அழித்தார்.

போட்டோ சாட்சி சொல்லும் என்பார்கள். சொல்லும் விதம்தான் விசித்திரம். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்று சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்த அ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அவர் வெற்றியை நிலைநாட்டியது. அவர் குடும்பம் மலைக்கு வந்தது 1950-க்கு முன்னா பின்னா, மதம் எது, சாதி எது என்று நடந்த அந்த வழக்கில் கல்யாணப் போட்டோவும் சாட்சிக் கூண்டு ஏறியது. மாப்பிள்ளை என்ன உடுத்தினார், பெண் என்ன உடுத்தினார் என்று பார்த்தார்கள். கல்யாணப் போட்டோ எடுத்தே பிழைக்கிற எனக்கு அந்தச் செய்தி படித்த இரவு உறக்கம் இல்லை. ஒரு நாள் வாடகைக்குக் கோட்டு எடுத்து எத்தனை மாப்பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன்!

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது உயிர். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாற்று வேர் கொண்டவர்கள், எந்தையின் ஊர்க்காரர்கள். நோய்த் தொற்றுக் காலம். எல்லையில் பாஸ் கேட்டார்கள். எந்தை தோப்பில், நான் பொள்ளாச்சியில். போனில் பெயர்ப் பட்டியலை வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் அப்பன் பெயரைச் சொன்னார், அப்பனுக்கு அப்பன் பெயரைச் சொன்னார், எந்த ஆண்டில் எந்தக் கங்காணியோடு ஏறினவர்கள் என்று சொன்னார். அரசு கேட்டுக் கேட்டு ஒருவரும் காட்ட முடியாத அத்தனை சான்றும் அந்தக் கிழவர் வாயில் இருந்தது. பிறகு உறவினர்கள் என் ஸ்டுடியோவுக்குப் படம் அனுப்பினார்கள்: ரேஷன் அட்டையிலிருந்து ஒரு முகம், பள்ளி அடையாள அட்டையிலிருந்து ஒரு முகம், யாரோ கல்யாணத்தில் ஓரமாய் நின்ற முகம். பெரிதாக்கித் தர வேண்டும். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. அந்த ஆற்றங்கரையில் தன் மகனின் உடலைத் தேடி, தேடுதல் முடிந்துவிட்டது என்று அரசு சொன்ன பிறகும் தேடிக்கொண்டிருந்த ஒரு தந்தையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. எந்தை அதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் ஒரு நாள் மதியம் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு கன்றின் கயிறு. எப்படி வந்தீர் என்றேன். பனங்காட்டு வழியாக மாடு மேய்ப்பது போல் வந்திருக்கிறார். ‘மாட்டுக்கு எவன்லே பாஸ் கேக்கான்?’ என்றார். அந்தச் சிரிப்பை எடுக்கக் கை கேமராவுக்குப் போகும் முன் கன்று உள்ளே நுழைந்து பின்னணித் திரையை மென்றது. திரையில் ஊட்டித் தோட்டம் வரைந்திருந்தது. அந்தப் படம் இருக்கிறது: கன்று தெளிவு, எந்தை கலங்கல்.

அடுத்த ஆடியில் போய்விட்டார். காய்ச்சல் இரண்டு நாள், மூன்றாம் நாள் விடியலில் மூச்சு நின்றது. நான் சேரும் முன் தோப்புக்காரர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். பாசத்தில் செய்தார்கள், குறை சொல்ல நாக்கு எழாது. குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, வேலி ஓரத்துப் பூவைக் கட்டி மாலையிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அமர்த்தி, முதுகில் கயிறு கொடுத்துக் கட்டியிருந்தார்கள். அவருடைய கயிறுதான், மாட்டுக் கயிறு. யாரோ ஒருவர் போனில் எடுத்த படம் நான் வருமுன்னரே கயத்தாறு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயுள் முழுதும் நாற்காலிக்குத் தப்பியவரின் அந்தப் படம் இன்று கயத்தாற்று வீடுகளில் சட்டமிட்டுத் தொங்குகிறது. என் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, ‘இதுல அண்ணன் எங்கய்யா இருக்காரு? மாட்டு முதுகுல்லா தெரியுது’ என்றாள். நாற்காலிப் படமே நன்றாயிருக்கிறது என்றாள். அவள் சொன்னது உண்மை. அதில் அவர் முகம் நேராக இருக்கிறது.

கோவிந்தாபுரத்துச் சாவடியே, நீ அவரை நிறுத்தி மாட்டை எண்ணினாய், அவரை ஒரு நாளும் எண்ணவில்லை. சின்னாற்று மணலே, அவர் தோண்டிய ஊற்றை மறு வெள்ளத்தில் மூடிவிட்டாய், இனி உன்னிடம் தண்ணீர் கேட்பவர் காரில் வருவார், பாட்டிலில் கொண்டு வருவார். கொல்லங்கோட்டு ஆலமரங்களே, உங்கள் வேரில் கட்டிய கயிற்றின் தழும்பு மேலே ஏறிப் போயிருக்கும், அதை அவர் உயரத்துக்கு இனி யார் குனிந்து தேடுவார்? வாணியங்குளத்துத் தரகர்களே, துண்டுக்குள் உங்கள் விரல் இனி யார் விரலைத் தொட்டு அதட்டும், யார் விரலுக்கு அஞ்சும்? மறையூர்க் கல்லறைகளே, பேர் தெரியாத தொல்லோர்க்கு எழுப்பப்பட்டவைகளே, மழை இரவில் உங்களுக்குள் சூடாக மூச்சு விட்டவன் போய்விட்டான். தேயிலைத் தூர்களே, நீங்கள் அவர் வெட்டிய சாய்விலிருந்து இன்னும் துளிர்க்கிறீர்கள். உங்களைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்க்கு இது தெரிய வேண்டியதில்லை. ஐயோ, வழியில் மட்டும் பெயர் பெற்ற மாடுகளே! உங்கள் பெயர்களை அவர் கொண்டு போய்விட்டார். ஒன்றையாவது எழுதி வைத்தேனா என்றால், கரிச்சி, தங்கம், பெரியநாச்சி, இடக்கால்வெள்ளை, கோணக்கொம்பு. மற்றவை எனக்குத் தெரியா. எந்தையே, உம்மை நான் எடுத்தேன் எடுத்தேன் என்று ஊரில் சொல்கிறேன்; நீர் எடுபடவில்லை.

காரியம் முடிந்தபின் மூணாற்றுக்கு ஏறினேன். நான் பிறந்த லயத்தில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள்; கொழுந்து காத்திருக்காது; ஆகவே ரயில் ஏறி இவர்கள் வந்திருக்கிறார்கள். அந்த இளைஞன் கவாத்துக்குப் போகிறானாம். தமிழும் மலையாளமும் இந்தியும் கலந்து பேசினான். என் கழுத்தில் கேமராவைக் கண்டதும் ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றான். எவ்வளவு ஆகும் என்றும் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். உள்ளே போனவன் சட்டை மாற்றி, தலை வாரி, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் போட்டான். அவன் மனைவி ஓடிவந்து நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். அவன் அமர்ந்தான், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்தான், குழந்தை ஒரு காலைக் கட்டிக்கொண்டது. எடுத்துத் திரையில் காட்டினேன். மனைவி தலையசைத்தாள். அவனுக்குத் திருப்தி இல்லை. நாற்காலியின் கால் வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னால் மலையும் வரவில்லை. இன்னும் தள்ளி நின்று முழுசாக எடுங்கள் என்றான். வாய்க்கால் வரை பின்னே போய், மறுபடி எடுத்தேன்.